முன்மாதிரி மூளை எண் 213

ஞாபகம் போய்விட்டது என்று நிரூபிக்க எவ்வளவு ஞாபகம் வேண்டியிருக்கிறது என்பது காஜா மொய்தீனுக்கு அறுபத்திரண்டு வயது வரைக்கும் தெரியாது. பாவம், அவர் பினாங்கில் ஜெலுத்தோங் பாசார் சந்தைக்குப் பக்கத்தில், சோற்றின்மேல் பல கறி ஊற்றித் தரும் நாசி கண்டார் கடை வைத்திருக்கிற மனிதர். எந்தக் கறிமேல் எந்தக் கறியை ஊற்றினால் தட்டு விளங்கும், எதை ஊற்றினால் வாடிக்கையாளர் முகம் கோணும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஆராய்ச்சி, மையம், விதிமுறை என்பதெல்லாம் அவர் கண்ணில் படாத சங்கதிகள்.

மனைவி ரொஸ்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கடையில் வேகிற கறி அத்தனையும் அவள் கைப்பக்குவம்தான். ஒரு வருடமாகத்தான் ஏதோ சரியில்லை. மீன் கறிக்கு இரண்டு தடவை புளி கரைத்து ஊற்றினாள். அடுத்த வாரம் மூன்று தடவை. முப்பது வருடமாகப் போய்வருகிற பாசாரிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் கோழிக்கடை வாசலில் நின்றிருக்கிறாள். கோழிக்கடைக்காரர்தான் தன் கெரெத்தாவில், அதாவது காரில், ஏற்றிவந்து விட்டார். அன்றைக்கு அவளே சொன்னாள்: "எனக்கு என்னமோ ஆவுதுங்க. மறைக்காம டாக்டர்ட்ட காட்டிடுங்க." காஜா மொய்தீன் அன்று அடுப்படியில் உட்கார்ந்து வெட்கப்படாமல் அழுதார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குமுதா பொறுமையாகச் சொன்னார். புக்கிட் மெர்தாஜாம் ஊர்ப் பெண். வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"அங்கிள், காதுக்கு உள்பக்கமா, மூளைக்குள்ள, ரெண்டு பக்கமும் சுண்டுவிரல் அளவுல ஒரு பகுதி இருக்கு. ஹிப்போகேம்பஸ்னு பேரு. புதுசா நடக்கறத எல்லாம் அதுதான் வாங்கி வைக்கும். இந்த நோய் வந்தா முதல்ல சுருங்கறது அதுதான். ஆன்ட்டிக்குச் சுருங்கியிருக்கானு ஸ்கேன் படத்துல பாத்துட்டா மாத்திரை ஆரம்பிச்சிடலாம்."

"மாத்திரை போட்டா சரியாயிடுமா டாக்டர்?"

"சரியாவாது அங்கிள். தள்ளிப் போடலாம். சீக்கிரம் ஆரம்பிச்சா இன்னும் கொஞ்ச காலம் உங்களயெல்லாம் அடையாளம் தெரிஞ்சு இருப்பாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் காஜா மொய்தீன் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. முப்பத்தாறு வருடம் 'என்னாங்க' என்று கூப்பிட்ட வாய், ஒரு நாள் காலையில் 'நீங்க யாரு' என்று கேட்டுவிட்டால்? அந்த நாளைத் தள்ளிப்போட ஒரு படம் வேண்டும். ஆஸ்பத்திரியில் படம் எடுக்கப் பதினோரு மாதம் வரிசை. "டவுன்ல இங்காட் மையம்னு ஒண்ணு இருக்கு. ஆராய்ச்சியில சேந்தா உடனே எடுத்துக் குடுக்கறாங்களாம். போய்ப் பாருங்க" என்றார் டாக்டர்.

அந்த இடத்தின் முழுப்பெயர், நினைவிழப்பின் பின்னணியிலுள்ள மூளை உடற்கூற்றை ஆராயும் வடவட்டார ஒருங்கிணைந்த உயர்நிலை மையம். இதை முழுசாகச் சொல்லக்கூடியவர் அந்தக் கட்டிடத்துக்குள் யாரும் இல்லாததால், மலாயில் 'ஞாபகம்' என்று பொருள்படும் 'இங்காட்' என்ற சொல்லையே பெயராக வைத்துக்கொண்டார்கள். வாசலில் நுழைந்தால் இரண்டு மாடி உயரத்தில் ஃபைபரில் செய்த ஒரு மூளை. அதற்கு உள்ளே நடந்துதான் கவுண்டருக்குப் போக வேண்டும். நடுவில், 'ஞாபகம் இங்கேதான் உருவாகிறது' என்ற பலகைக்குக் கீழே ஒரு சிவப்பு பல்பு. திறப்பு விழாவுக்கு மறுநாள் அது அணைந்துபோனது. மாற்றச் சொல்லி எழுதிய கடிதத்தை யாரோ எங்கேயோ வைத்துவிட்டார்கள்.

"இது என்னங்க, பூசணிக்காயா?" என்றாள் ரொஸ்னா.

"மூளைமா."

"இம்மாம் பெருசு வச்சிருக்காங்க, உள்ள ஒண்ணும் காணமே."

கதவோரத்தில் ஒரு இயந்திரம் ஆறு இலக்க எண்ணைத் திரையில் காட்டிவிட்டு அழித்தது. அந்த எண்ணைக் கவுண்டரில் சொல்ல வேண்டும். எழுதிக்கொள்ளக் கூடாது, தனிநபர் ரகசியம்.

"நம்பர் சொல்லுங்க மாமி," என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"எந்த நம்பரு?"

"இப்ப மெஷின் குடுத்துச்சே, அது."

"எந்த மெஷினு?"

"நான் சொல்றேன்மா," என்று காஜா மொய்தீன் முன்னால் வந்தார். "நாலு, ஏழு..."

"மாமா, மாமா! நீங்க சொல்லக் கூடாது. பேஷன்ட்தான் அவங்க வாயால சொல்லணும்."

"மறதிக்குத்தானே தாயே வந்திருக்கோம்!"

"தெரியும் மாமா. மறதி உள்ளவங்க பாதுகாப்புக்காகத்தான் இந்த ரூலே."

மூன்று முறை தவறினால் பெயர் இரண்டு வாரத்துக்குப் பூட்டப்படும். பூட்டப்பட்டது. எண்ணை மறந்துபோனதையே நினைவிழப்புக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று காஜா மொய்தீன் கேட்டார். எண் சொல்லாதவரை வந்திருப்பது ரொஸ்னாதான் என்று மையத்துக்குத் தெரியாது, ஆகவே மறந்தது யார் என்றும் தெரியாது என்று அந்தப் பெண் மிக மரியாதையாக விளக்கினாள்.

காஜா மொய்தீன் சளைத்தவரா? அடுத்த முறை இயந்திரம் எண்ணைக் காட்டியதும் அதைக் கடை ஆர்டராக மாற்றி ரொஸ்னா காதில் போட்டார். ரெண்டு கோழி, எட்டு மீன், ஒரு ஆடு, அஞ்சு முட்டை, நாலு வெண்டைக்காய், ஆறு அப்பளம். சமையல்காரி அல்லவா, கவுண்டர்வரை முணுமுணுத்துக்கொண்டே போய்க் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். அப்பளம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று கவுண்டர் பெண்ணைக் கடிந்தும்கொண்டாள். எண் சரி. உள்ளே அனுப்பினார்கள்.

உள்ளே ஒப்புதல் அறை. அங்கே ஆராய்ச்சி உதவியாளர் நஜ்வா. அவளும் ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் இவர் கடையில் சாப்பிட்டவள். எழுந்து நின்று சலாம் சொல்லி, பதினொரு பக்க ஒப்புதல் பாரத்தை ரொஸ்னாவுக்கு வாசித்துக் காட்டினாள். ரொஸ்னா கையெழுத்துப் போட்டாள். "இப்ப அரை மணி நேரம் உக்காருங்க" என்றாள் நஜ்வா. அரை மணி கழித்து, எதற்குக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டாள்.

"நான் எங்கம்மா கையெழுத்து போட்டேன்?" என்றாள் ரொஸ்னா.

நஜ்வா தலையைக் குனிந்துகொண்டாள். "ஞாபகம் இல்லனா ஒப்புதல் செல்லாது மாமா. அதான் ரூலு."

"சரி, ஞாபகம் இருந்தா?"

"ஞாபக சக்தி நல்லா இருக்குனு அர்த்தம். அப்ப ஆராய்ச்சிக்குத் தகுதி இல்ல."

காஜா மொய்தீன் இதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் சுவர்தான். "புருஷன் நான் போடறேன்மா கையெழுத்து."

"போடலாம் மாமா. மாமி உங்கள அதுக்கு நியமிச்சத அவங்களே ஞாபகமா சொல்லணும்."

"அப்ப இதுல யாருதான்மா சேர முடியும்?"

"இதுவரைக்கும் யாரும் சேரல."

"எத்தன வருஷமா?"

"மூணு வருஷம் ஆச்சு மாமா."

அதே நேரம் பக்கத்து அறையில் ஸ்கேன் இயந்திரம் டொக் டொக்கென்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. நோயாளியே இல்லாத மையத்தில் உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்று காஜா மொய்தீன் கேட்க வேண்டியதாயிற்று.

"டத்தோதான். டத்தோ பட்டம் வாங்கின எங்க டைரக்டர்." நஜ்வா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நோய் மூளைய நல்ல மூளையோட ஒப்பிடணும் மாமா. அதுக்கு நல்ல மூளை வேணும்ல? ஸ்டாஃப் எல்லாரையும் மூணு மாசத்துக்கு ஒரு தடவ படுக்க வச்சு எடுக்கறோம். இத்தன ஸ்கேன் எடுத்தோம்னு மேல காட்டணுமே. இப்ப எடுக்கறதோட சேத்து எரநூத்திப் பன்னெண்டு. டத்தோவோடது மட்டும் பதினஞ்சு. ஏர்கோன் ரிப்பேருக்கு வந்த ஆளக்கூட விடல."

"அவங்கெல்லாம் ஆரோக்கியம்னு எப்படிம்மா தெரியும்?"

"ஸ்டாஃப்னா ஆரோக்கியம்தானே மாமா. 'நார்மல்'னு முன்னாடியே சொப் அடிச்சு வச்சிருக்கோம்," என்று மேசையில் இருந்த முத்திரைக் கட்டையைக் காட்டினாள்.

காஜா மொய்தீன் நேரே டைரக்டர் அறைக்குப் போனார். டத்தோ டாக்டர் முகம்மது கனி அப்போதுதான் பதினைந்தாவது முறையாக ஆரோக்கியம் என்று உறுதிசெய்யப்பட்ட தலையைச் சீவிக்கொண்டிருந்தார். சுவரில் அவருடைய மூளைப் படங்கள் தேதிவாரியாக மாட்டியிருந்தன. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கண்கலங்கியதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

"காஜா பாய், உங்க வேதனை புரியுது. ஆனா நீங்களும் எங்க சாதனையப் பாக்கணும். மூணு வருஷம்! எங்க மையத்துல ஒரே ஒரு நோயாளிக்குக்கூட நிலைமை மோசமானதில்ல. உலகத்துல வேற எந்த மையமாச்சும் இப்படி மார்தட்ட முடியுமா, சொல்லுங்க?"

"நோயாளியே இல்லையே டத்தோ."

"அதுதான் பாய் தரக்கட்டுப்பாடு! நோயாளிகள உள்ள விட்டோம்னு வைங்க, ஒருத்தர் மறக்கறாரு, ஒருத்தர் வராம போறாரு, ஒருத்தர் அழறாரு. டேட்டா மொத்தமும் அழுக்காப் போயிடும். எங்க டேட்டா குழந்தை மாதிரி சுத்தம். ஒரு சந்தேகம் கிடையாது, ஒரு நோய் கிடையாது. மறதியப் பத்தி ஆராயணும்னா முதல்ல மறதிய வாசல்லயே நிறுத்தணும்."

காஜா மொய்தீனுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, வெளியே உட்கார்ந்திருந்த ரொஸ்னாவுக்குப் பசித்துவிட்டது. அவள் கடையிலிருந்து கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். கோழிப் பொரியல், மீன் முட்டைக் கறி, வெண்டைக்காய், மேலே நாலு குழம்பும் கலந்து ஊற்றிய சோறு. அந்த வாசம் கதவிடுக்கால் உள்ளே வந்தது. டத்தோ பேச்சை நிறுத்தி மூக்கை நிமிர்த்தினார். மையத்தின் கன்டீன்காரர் ஒரு மாதத்துக்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டிருந்தார்.

பத்து நிமிடத்தில் டத்தோ விரலை நக்கிக்கொண்டிருந்தார். "பாய், வெள்ளிக்கிழமைதோறும் எங்களுக்கு நீங்கதான் சாப்பாடு கொண்டாரணும். மறுக்கக் கூடாது."

மறுக்கத்தான் இருந்தார். ஆனால் கதவோரம் நின்ற நஜ்வா, யாரையும் பார்க்காமல், கூரையைப் பார்த்துப் பேசுவது மாதிரிச் சொன்னாள்: "சாப்பாடு கொண்டாரவங்களுக்கும் ஸ்டாஃப் பாஸ் குடுக்கணும் டத்தோ. சமைக்கறவங்களுக்கும் சேத்து."

காஜா மொய்தீன் அவளைப் பார்த்தார். அவள் இன்னும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிங்க டத்தோ, கொண்டாந்துடறேன்," என்றார் அவர், இதுவரை அங்கே யாரும் கேட்டிராத பணிவோடு.

மூன்று வெள்ளிக்கிழமை சோறு போனது. நாலாவது வாரம் மையத்திலிருந்து ஒரு கண்டனக் கடிதம் வந்தது. 'மைய ஊழியராகிய ரொஸ்னா இந்தக் காலாண்டுக்கான கட்டாய ஆரோக்கிய மூளை ஸ்கேனுக்கு இதுவரை வராததைக் கடுமையாகக் கருதுகிறோம். ஏழு நாளில் படுக்கத் தவறினால் பாஸ் ரத்து செய்யப்படும்.' காஜா மொய்தீன் அந்தக் கடிதத்தை முத்தமிட்டதைக் கல்லாவில் இருந்த ஆள் பார்த்து, முதலாளிக்கும் தொற்றிக்கொண்டதோ என்று பயந்துபோனான்.

இந்த முறை மையத்தில் எண் கேட்கவில்லை. ஒப்புதல் கேட்கவில்லை, பாஸின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கிறதாம். ரொஸ்னா மட்டும் இயந்திரத்தைப் பார்த்ததும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இங்கனயே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கறேன். சத்தம் போடும், பயந்துக்காத," என்றார். அரை மணி நேரம் கண்ணாடியை விட்டு அசையவில்லை. அவர் வாய் ஓதிக்கொண்டே இருந்தது. படம் வெளியே வருவதற்கு முன்பே அறிக்கை வந்துவிட்டது. மூளை எண் 213. நார்மல்.

டாக்டர் குமுதா அறிக்கையை வாசித்தார். பிறகு மையம் கொடுத்த சிடி வட்டைக் கணினியில் போட்டுப் படத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் அறிக்கையைப் பார்த்தார்.

"இத நார்மல்னு எழுதின மகராசன் யாரு அங்கிள்?"

"படம் எடுக்கறதுக்கு முந்தியே அடிச்சு வச்சிருந்தாங்க டாக்டர்."

"இங்க பாருங்க. காதுக்கு உள்ள சொன்னேன்ல, ரெண்டு பக்கமும்? சதை இருக்கவேண்டிய எடத்துல கறுப்பா தெரியுதே, அது வெறும் தண்ணி. நல்லாவே சுருங்கியிருக்கு." அறிக்கையை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "படம் போதும். இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கறேன். ஆறு மாசத்துல இன்னொரு படம் வேணும், முடியுமா?"

"வெள்ளிக்கிழமை சோறு போயிட்டிருக்கிற வரைக்கும் முடியும் டாக்டர்."

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததில் வந்தது வினை. மூன்றாவது மாதம் நஜ்வா மூச்சு வாங்கக் கடைக்கு ஓடி வந்தாள். முதல் இருநூற்றுப் பதின்மூன்று ஆரோக்கிய மூளைகளையும் மையம் அளந்து பார்த்ததாம். எண் 213-இன் ஹிப்போகேம்பஸ் மற்ற எல்லாருடையதிலும் பாதிதான் இருக்கிறதாம். ஆளோ ஸ்டாஃப்; ஸ்டாஃபோ ஆரோக்கியம். ஆகவே டத்தோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: ஞாபகத்துக்கு ஹிப்போகேம்பஸ் அவ்வளவாகத் தேவையில்லை. இதற்குப் 'பினாங்கு விதிவிலக்கு' என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

"மாமிக்கு 'முன்மாதிரி மூளை' விருது மாமா. வர்ற சனிக்கிழம. நாப்பது நிபுணர்ங்க வராங்க. வரலனா பாஸ் கேன்சலாம்."

"யா அல்லா. மேடையில இவ எதாச்சும் மறந்துட்டா?"

"தெரிஞ்சு போயிடும்லா. பேஷன்ட்னு எழுதி வெளிய அனுப்பிடுவாங்க. ரெண்டாவது ஸ்கேன் கெடைக்காது."

வாரம் முழுக்க ரொஸ்னாவுக்கு ஒரே ஒரு வரி சொல்லிக்கொடுத்தார்: 'எல்லாருக்கும் சலாம், நன்றி.' சனிக்கிழமை காலை அவளுக்குப் பிடித்த பச்சைப் பாஜு அங்கியை உடுத்திவிட்டு அழைத்துப்போனார். அவரை மேடைப்பக்கம் விடவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால், சாப்பாட்டுத் தட்டுகளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். ஃபைபர் மூளைக்கு முன்னால் மேடை. அதில் ரொஸ்னா தனியாக, ஒரு பெரிய நாற்காலியில்.

டத்தோ பேசினார். "மறதி என்பது ஒரு சவால். அந்தச் சவாலை இந்த மையம் ஒரு கணமும் மறந்ததில்லை. பெரிய ஞாபகத்துக்குப் பெரிய கட்டிடம் வேண்டும் என்றார்கள், கட்டினோம்!" கைத்தட்டல். அவர் தாளைப் புரட்டினார். ஒரே பக்கம் இரண்டு பிரதி வந்திருந்தது போலும். "மறதி என்பது ஒரு சவால். அந்தச் சவாலை இந்த மையம் ஒரு கணமும் மறந்ததில்லை. பெரிய ஞாபகத்துக்கு..." மறுபடியும் கைத்தட்டல், இந்தத் தடவை இன்னும் பலமாக. முன்வரிசையில் ஒரு பேராசிரியர் இரண்டு தடவையும் குறிப்பெடுத்துக்கொண்டார்.

பிறகு மைக்கை ரொஸ்னாவிடம் நீட்டினார், பெயரை மாற்றிக் கூப்பிட்டபடி. "சொல்லுங்க ரொஸ்லினா, உங்க ஞாபக சக்தியோட ரகசியம் என்ன?"

"என்ன கேட்டீங்க?" என்றாள் ரொஸ்னா.

டத்தோ சபையைப் பார்த்துப் பூரித்தார். "பாத்தீங்களா! கேள்வியைத் திரும்பக் கேட்டு உறுதி செஞ்சுக்கறாங்க. இதுதான் ஆராய்ச்சி மனப்பான்மை! சரி, இன்னைக்கு என்ன கிழமை?"

"கிழமையெல்லாம் எனக்கெதுக்கு?"

"தேவையில்லாத பாரத்தை மூளையில் ஏத்தறதே இல்ல!" நாற்பது பேனாக்கள் எழுதின.

"இது யாரு வீட்டுக் கல்யாணம்? சாப்பாடு போட்டாச்சா?"

"எந்நேரமும் அடுத்தவங்க பசியப் பத்தின சிந்தனை!"

சிரிப்பும் கைத்தட்டலும் எழுந்தன. ரொஸ்னா சிரிக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தையும் முன்னால் இருந்த முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கை பாஜுவின் ஓரத்தைப் பிடித்துப் பிசைந்தது. "எனக்கு இங்க யாரையும் தெரியலயே," என்றாள், மைக்கிலேயே. குரல் உடைந்திருந்தது.

நாற்பது பேனாக்களும் நின்றன. டத்தோ விளக்கத்தைத் தேடித் தாளைப் புரட்டினார். நஜ்வா முகத்தைப் பொத்திக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டார் காஜா மொய்தீன். பாஸாவது படமாவது, இவள் அங்கே பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறாளே என்று கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டு நடந்தார். ரொஸ்னாவின் கண் வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு வந்து அவர்மேல் நின்றது.

"அதோ, அவரத் தெரியும். என்னாங்க! எங்க போனீங்க? வாங்க, வீட்டுக்குப் போவோம்."

காஜா மொய்தீன் மேடைக்கு ஓடினார். நாற்பது நிபுணர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "நாற்பதடி தூரத்திலிருந்து!" என்று டத்தோ மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். "ஹிப்போகேம்பஸ் உதவி இல்லாமலேயே கணவனை அடையாளம் காணுகிறார்! ஆறு மாதத்துக்கு ஒரு முறை இவரை ஸ்கேன் செய்தே தீருவோம்!" யார் என்ன சொன்னார்கள் என்பது காஜா மொய்தீன் காதில் ஏறவில்லை. அவர் ரொஸ்னாவின் கையைப் பிடித்திருந்தார். அந்தக் கை அவர் கையை அதைவிட இறுக்கமாகப் பிடித்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவருக்குக் கண் மறைத்தது.

படம் பிடித்து, மாலை போட்டு, வெளியே விட அரை மணி ஆகிவிட்டது. கெரெத்தாவில் ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டை அவர் மாட்டிவிட்டதும் ரொஸ்னா கேட்டாள்.

"என்னாங்க, அந்தக் கோட்டு போட்ட ஆளு யாரு?"

"அவருதான்மா பெரிய டாக்டரு."

"பாவங்க. சொன்னதயே ரெண்டு தடவ சொன்னாரு, கவனிச்சீங்களா? சவாலு சவாலுனு. அவ்ளோ பேரு இருக்காங்க, ஒருத்தரும் கண்டுக்கல."

சாவியைத் திருகப் போன காஜா மொய்தீன் கை அப்படியே நின்றது. அது நடந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. காலையில் சாப்பிட்டதைப் பத்து நிமிடத்தில் மறந்துவிடுகிறவள்.

"என்னம்மா சொன்ன? இன்னொரு தடவ சொல்லு."

"ரெண்டு தடவ சொன்னாருங்கறேன்," என்றாள் ரொஸ்னா, கொஞ்சம் அலுப்போடு. "வீட்டுல யாருக்காச்சும் அக்கறை இருந்தா ஒரு நல்ல டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போய்க் காட்ட மாட்டாங்களா?"